தோற்றவர் 'நான்' என்று எழுதும்போது

நாம் வாழும் ஊரின் பெயரே ஒரு வெற்றிச் செய்தி. மதுராந்தகம் என்றால் மதுரைக்கு எமன். பாண்டிய நாட்டை வென்ற முதற் பராந்தக சோழன் சூட்டிக்கொண்ட பட்டம் அது. அவன் வழியில் வந்த உத்தம சோழனுக்கும் அதுவே பெயர். பத்தாம் நூற்றாண்டில் முடிந்துபோன ஒரு போரின் இறுமாப்பு இன்றைக்கும் பேருந்துகளின் நெற்றியில் எழுதப்பட்டு ஜி.எஸ்.டி. சாலையில் ஓடிக்கொண்டிருக்கிறது. தோற்றுப்போன இராசசிம்ம பாண்டியன் இலங்கைக்குத் தப்பிச் சென்றதையும், முடியையும் அரச அணிகளையும் அங்கேயே விட்டுவிட்டுச் சேர நாட்டுக்குப் போனதையும் இலங்கையின் பாலி வரலாற்று நூலான 'சூளவம்சம்' சொல்கிறது. மன்னனுக்கு அந்த இரண்டு வரியாவது கிடைத்தது. அவனுக்காக வாளேந்தி நின்றவர்கள் என்ன ஆனார்கள் என்பதைப் பட்டப்பெயர்கள் சொல்வதில்லை.

தோற்ற பக்கத்தில் நின்று போரிட்டவர்கள் பின்னாளில் எழுதும் நினைவுக்குறிப்புகளைப் பற்றி நமக்குச் சில கருத்துகள் உண்டு. தமிழில் இவ்வகை நூல்கள், குறிப்பாக 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் ஈழப்போர் முடிந்த பிறகு, தொடர்ந்து வந்திருக்கின்றன. எழுதியவர்கள் பலரும் முன்னாள் போராளிகள். அந்நூல்களின் தரத்தைப் பற்றிப் பேசுமுன் அவற்றை நாம் வாசிக்கும் முறையைப் பற்றிப் பேசவேண்டியிருக்கிறது. ஏனெனில் கோளாறு பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது என்பது நம் எண்ணம். ஒரு நூல் வெளிவந்தவுடன் நூலை ஒருபுறம் வைத்துவிட்டு ஆசிரியரை விசாரிக்கத் தொடங்குகிறோம். இவர் எப்படி உயிர் தப்பினார்? யார் சொல்லி எழுதினார்? ஏன் அன்றே சொல்லவில்லை? ஒரு சாரார்க்கு அந்நூல் துரோகத்தின் சான்று. மற்றொரு சாரார்க்கு அது குற்ற ஒப்புதல்; அவர்கள் தமக்கு வேண்டிய பத்திகளை வெட்டியெடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். இரு சாராரும் நூலை முழுக்கப் படித்ததற்கான அறிகுறி அவர்கள் எழுதும் மதிப்புரைகளில் பெரும்பாலும் தென்படுவதில்லை.

தோற்றவரை நடத்துவதில் நம் இலக்கியத்துக்கு இரண்டு மரபுகள் உண்டு. ஒன்று பரணி. தோற்றவரின் பெயரால் நூலுக்குப் பெயரிடுவது பரணியின் வழக்கம். முதற் குலோத்துங்கனின் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் வென்ற போரைச் செயங்கொண்டார் பாடினார். நூலின் பெயர் 'கலிங்கத்துப் பரணி'. பெயர் கொடுத்ததோடு அந்த மரியாதை முடிந்துவிடுகிறது. உள்ளே வரும் கலிங்க வீரர்கள் நகைப்புக்கு உரியவர்கள். தலைமயிரைப் பறித்துக்கொண்டு தம்மைச் சமணர் என்கிறார்கள். வில்லின் நாணைப் பூணூலாக மாட்டிக்கொண்டு கங்கையாட வந்தோம் என்கிறார்கள். வகுப்பில் இப்பகுதியை நடத்தும்போது மாணவர்கள் சிரிப்பார்கள். 2009-க்குப் பிறகு அந்தச் சிரிப்பு நம் காதில் சற்று வேறாக விழுகிறது. சீருடையைக் களைந்து, கழுத்திலிருந்த நஞ்சுக் குப்பியை எறிந்துவிட்டு, மக்களோடு மக்களாக ஓமந்தைச் சோதனைச் சாவடியை நோக்கி நடந்தவர்களை நாம் இப்போது அறிவோம். ஒரு நாள் இயக்கத்தில் இருந்திருந்தாலும் தனியே வந்து பதிவு செய்துகொள்ளுங்கள் என்று அங்கே ஒலிபெருக்கி சொல்லிக்கொண்டிருந்தது. செயங்கொண்டார் எள்ளி நகையாடிய அதே செயல்தான் இது, அதைச் செய்தவரின் பக்கத்திலிருந்து பார்த்தால்.

இரண்டாவது மரபு மிகச் சிறியது; புறநானூற்றின் 74-ஆம் பாட்டு. சோழன் செங்கணானிடம் தோற்றுச் சிறைப்பட்ட சேரமான் கணைக்கால் இரும்பொறை, குடவாயிற் கோட்டத்துச் சிறையில் தண்ணீர் கேட்டு, அது காலந்தாழ்ந்து வரவே குடிக்க மறுத்துச் சொன்ன பாட்டு என்பது அதன் அடிக்குறிப்பு. குழந்தை இறந்து பிறந்தாலும், வெறும் தசைப்பிண்டமாகவே பிறந்தாலும் அதையும் வாளால் கீறாமல் விடாத குடியில் பிறந்துவிட்டு, சங்கிலியில் கட்டிய நாயைப்போல் கிடந்து, பகைவரிடம் வயிற்றுத்தீ தணிய நீர் இரந்து உண்ணும் நிலைக்கு ஆளாகவா பெற்றோர் ஒருவரைப் பெறுவது என்று கேட்கிறான். ஏழே அடிகள். அதே செங்கணானின் வெற்றியைப் பாடும் 'களவழி நாற்பது' நாற்பது வெண்பாக்களுக்குமேல் நீள்கிறது. ஒவ்வொன்றிலும் குருதியும் யானைப் பிணமுமாகப் போர்க்களம் விரிகிறது. வென்றவனுக்கு நாற்பது வெண்பா, தோற்றவனுக்கு ஏழடி என்ற இந்தக் கணக்கு நமக்குப் புதிதன்று. நாற்பதையும் மறந்துவிட்டு ஏழடியைத்தான் நாம் நினைவில் வைத்திருக்கிறோம் என்பதும் உண்மை.

இப்பாட்டை நடத்திய ஒரு நாள், பின்வரிசை மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, தோத்தவரு பாட்டை யாரு எடுத்து வச்சாங்க?" என்று கேட்டார். நல்ல கேள்வி. சிறையில் அதைக் கேட்டவர் காவலராகத்தான் இருந்திருக்க வேண்டும். அவர் யாரிடமோ சொல்லி, சொன்னது பரவி, பின்னால் தொகுத்தவர்கள் அதைத் தள்ளிவிடாமல் சேர்த்திருக்கிறார்கள். அடிக்குறிப்பை அப்படியே ஏற்க வேண்டியதில்லை, வேறு யாரோ அவன் வாயில் வைத்துப் பாடியதாகவும் இருக்கலாம் என்பார் உண்டு. இருக்கட்டும். நம்மைக் கவர்வது அதன் இலக்கணம். அப்பாட்டில் தன்மை இடத்துச் சொல் ஒன்றுகூட இல்லை. 'நான்' இல்லை, 'யான்' இல்லை, 'எம்' இல்லை. தன் அவமானத்தை அவன் முழுக்கப் படர்க்கையிலேயே சொல்லி முடிக்கிறான். தாகமெடுத்தவன் அவன்தான், ஆனால் யாரோ ஒருவருக்கு நேர்ந்ததுபோலப் பேசுகிறான். தோற்றவர் எழுதும்போது எதிர்கொள்ளும் முதல் இடர் இதுதான் என்று நாம் கருதுகிறோம். எந்த இடத்தில் நின்று பேசுவது? யாரென்று தன்னைச் சொல்லிக்கொள்வது?

தமிழில் இந்த இடர் மற்ற மொழிகளைவிடக் கூர்மையானது. ஆங்கிலத்தில் ஒரே ஒரு பன்மைச் சொல்லைக் கொண்டு ஒப்பேற்றிவிடலாம். தமிழில் முன்னிலையாரைச் சேர்த்துக்கொள்ளும் உளப்பாட்டுத் தன்மைப் பன்மையான 'நாம்' வேறு, அவரை விலக்கும் 'நாங்கள்' வேறு. (யாழ்ப்பாணப் பேச்சில் 'நாங்கள்' இரண்டுக்கும் பொதுவாக வழங்குவதுண்டு, எழுத்தில் வரும்போது வேறுபாடு திரும்பிவிடுகிறது.) போர் நடக்கும்போது இயக்கங்களின் சுவரொட்டிகளுக்கு உரிய சொல் 'நாம்'. எல்லாரும் அதில் அடக்கம். தோல்விக்குப் பின் எழுத உட்காருபவர் 'நாம்' என்று எழுதினால், வாசகர் நான் எப்போது உன்னோடு இருந்தேன் என்று கேட்பார். 'நாங்கள்' என்று எழுதினால், அந்த 'நாங்க'ளில் எஞ்சியவர் எத்தனை பேர், அவர்களுக்காகப் பேச இவருக்கு யார் உரிமை கொடுத்தது என்ற கேள்வி வரும். மிஞ்சுவது 'நான்'. போர்வீரருக்குப் பயிற்சியின் முதல் நாளிலிருந்தே பறிக்கப்பட்ட சொல் அது. இக்கட்டுரையில் நாமும் 'நாம்' என்றே எழுதிக்கொண்டிருக்கிறோம். கல்லூரி ஆசிரியர்களின் பழக்கம் அது. அதற்கு நாம் எந்த விலையும் கொடுத்ததில்லை.

படைத்தலைவர்களுக்கு இந்த இடர் இல்லை. அவர்கள் எப்போதுமே 'நான்' என்று எழுதிப் பழகியவர்கள். நம் ஊரை அடுத்த கருங்குழியில் ஒரு கோட்டை இருந்தது. (வள்ளலார் தண்ணீரால் விளக்கெரித்ததாகச் சொல்லப்படும் கருங்குழி வேறு, அது வடலூருக்கு அருகில் உள்ளது.) பிரெஞ்சுக்காரர் வசமிருந்த அந்தக் கோட்டையை 1759 டிசம்பரில் அயர் கூட் பிடித்தார். அடுத்த மாதம், 1760 ஜனவரி 22-ஆம் நாள், வந்தவாசியில் பிரெஞ்சுப் படைத்தலைவர் லாலி அவரிடம் தோற்றார். 1761-இல் புதுச்சேரியும் வீழ்ந்தது. கைதியாக இங்கிலாந்துக்குக் கொண்டுபோகப்பட்ட லாலி, தன்மீது சுமத்தப்பட்ட பழியை மறுக்கத் தாமாகவே பிரான்சுக்குத் திரும்பினார். பாஸ்டில் சிறையிலிருந்தபடி தம் பக்க நியாயத்தை எழுதினார். 1766 மே மாதம் அவர் தலை வெட்டப்பட்டது. வால்டேர் அவருக்காக வாதாடியதும், தண்டனை 1778-இல் தள்ளுபடியானதும் பின்கதை. லாலி எழுதியவை முழுவதும் வழக்குரை. எல்லாப் பிழையும் சக அதிகாரிகளுடையது, கும்பினியுடையது. வந்தவாசியில் அவர் பக்கம் நின்று செத்த சிப்பாய்களில் பலர் நம் பக்கத்து ஊர்க்காரர்களாகவே இருந்திருக்கக்கூடும். அவர்களுக்கு வழக்கும் இல்லை, வழக்குரையும் இல்லை.

இரண்டாம் உலகப்போரில் தோற்ற ஜெர்மானியத் தளபதி மான்ஷ்டைன் 1955-இல் வெளியிட்ட நினைவுக்குறிப்பின் பெயர் 'இழந்த வெற்றிகள்' என்று பொருள்படும். தலைப்பிலேயே எல்லாம் இருக்கிறது. வெற்றிகள் அவருடையவை, இழந்தவர் ஹிட்லர். 1949-இல் போர்க்குற்றங்களுக்காகத் தண்டனை பெற்றவர் அவர் என்பதை அந்நூலிலிருந்து மட்டும் ஒருவர் அறிந்துகொள்ள முடியாது. இத்தகைய நூல்கள் வரலாற்று மாணவருக்குப் பயன்படும். இலக்கிய வாசகர் நேரம் செலவிட வேண்டியதில்லை.

எதிர்முனையில் ஜப்பானியர் ஒருவர் இருக்கிறார். ஷோஹெய் ஊக்கா என்ற முப்பத்தைந்து வயது மொழிபெயர்ப்பாளர், போரின் கடைசிக் கட்டத்தில் படையில் சேர்க்கப்பட்டுப் பிலிப்பைன்ஸின் மிண்டோரோ தீவுக்கு அனுப்பப்பட்டார். மலேரியாக் காய்ச்சலில் தனியே கிடந்து, 1945 ஜனவரியில் அமெரிக்கரிடம் பிடிபட்டார். 1948 முதல் அவர் எழுதி வெளியிட்ட கைதிக் குறிப்புகளின் தொடக்கத்தில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. புதரில் மறைந்து கிடக்கும் அவருக்கு எதிரே இளம் அமெரிக்கச் சிப்பாய் ஒருவன் தனியாக நடந்து வருகிறான். சுடவில்லை. ஏன் சுடவில்லை? பக்கம் பக்கமாக அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு போகிறார். இரக்கமா? அச்சமா? எப்படியும் சாகப்போகிறோம் என்ற அசதியா? தன்னை நல்லவனாகக் காட்டக்கூடிய ஒவ்வொரு விடையையும் எடுத்துச் சோதித்துத் தள்ளிவிடுகிறார். ஜப்பான் ஏன் தோற்றது என்பதைப் பற்றி அவருக்குக் கருத்தில்லாமல் இல்லை. ஆனால் அவர் சோதிப்பது தன் விரலை. அது விசையை இழுக்காமல் நின்ற அந்த நொடியை. தோற்ற பக்கத்து வீரர் ஒருவர் 'நான்' என்று எழுதுவது எப்படி என்பதற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு நமக்குத் தெரியாது.

தமிழர் பெருந்தொகையாகச் சேர்ந்து தோற்ற முதல் நவீனப் படை இந்திய தேசிய இராணுவம். அதன் கதை விந்தையானது. களத்தில் தோற்றது, செங்கோட்டை வழக்குக்குப் பின் மக்கள் மனத்தில் வென்றது. தோற்றவர்கள் தியாகிகளானார்கள். ஆயினும் சுதந்திர இந்தியாவின் படை அவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஷா நவாஸ்கான் 1946-லேயே தம் நினைவுகளை நூலாக்கினார். மோகன் சிங் எழுதினார். இலட்சுமி சேகலின் நினைவுக்குறிப்பு 1997-இல் வெளிவந்தது. எல்லாரும் அதிகாரிகள், படித்தவர்கள். இலட்சுமி தலைமை தாங்கிய ஜான்சிராணிப் படைப்பிரிவில் சேர்ந்த பெண்களில் பெரும்பாலோர் மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டிய தமிழ்க் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். விடியுமுன் எழுந்து மரம் கீறப்போன ஒரு பதினெட்டு வயதுப் பெண், கையில் துப்பாக்கி வந்ததும் தன்னை என்னவாக நினைத்தாள்? 1945-இல் துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டு அதே தோட்டத்து வரிசை வீட்டுக்குத் திரும்பி மறுநாள் பால்வாளியைத் தூக்கியபோது? அந்த நூல் நம்மிடம் இல்லை. அதிகாரியின் நினைவுக்குறிப்பில் அவள் 'என் பெண்கள்' என்ற தொகைச்சொல்லுக்குள் அடங்கிவிடுகிறாள்.

அந்த வகையில் ஈழத்தவர் எழுதியவை தமிழுக்குப் புதிய வரவு. படிநிலையில் கீழே இருந்தவர்களும் எழுதினார்கள். இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். ஈழத்தில் தோல்வி 2009-இல் தொடங்கவில்லை. தோற்றவர்களுக்குள்ளேயே முன்பே தோற்றவர்கள் இருந்தார்கள். 1986-இல் டெலோவும் பிறகு ஈ.பி.ஆர்.எல்.எஃபும் விடுதலைப் புலிகளால் நசுக்கப்பட்டன. அதற்கும் முன்பாக, புளொட் இயக்கத்தின் ஒரத்தநாட்டு முகாம்களில் நடந்த சித்திரவதைகளையும் உட்கொலைகளையும் கண்டு வெளியேறியவர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவரான கோவிந்தன் எழுதிய 'புதியதோர் உலகம்' 1985-லேயே வெளிவந்துவிட்டது. நாவல் என்ற பெயரில் வந்த சாட்சியம் அது. நம் தஞ்சை மாவட்டத்து ஒரத்தநாட்டில் நடந்தவற்றைச் சொல்லும் நூலைத் தமிழ்நாட்டு வாசகர் எத்தனை பேர் படித்தோம்?

சி. புஸ்பராஜாவின் 'ஈழப் போராட்டத்தில் எனது சாட்சியம்' 2003-இல் வெளிவந்தது. பாரிசில் வாழ்ந்த அவர் மூன்று ஆண்டுகளில் மறைந்தார். விடுதலைப் புலிகள் இயக்கத்தின் தொடக்கக் காலத்து மையக்குழுவில் இருந்த கணேசன் ஐயர் எழுதியது 'ஈழப் போராட்டத்தில் எனது பதிவுகள்'. இரண்டு தலைப்புகளிலும் 'எனது' இருப்பதை நாம் தற்செயல் என்று கொள்ளவில்லை. 'நாம்' என்ற பெருஞ்சொல்லுக்குள் நெடுங்காலம் இருந்தவர்கள் வெளியே வந்து தம் பங்குக்கு ஓர் 'எனது' நட்டுவைக்கிறார்கள். இலக்கியச் சுவை என்று பார்த்தால் இரண்டும் வறண்டவை. பெயர்கள், கூட்டங்கள், பிளவுகள், மீண்டும் பெயர்கள். ஆனாலும் யார் எந்த முடிவை எந்த வீட்டில் உட்கார்ந்து எடுத்தார்கள் என்பதை அவ்வாறு அடுக்கிச் சொல்வதற்கு ஒரு பயன் உண்டு. 'வரலாற்றின் கட்டாயம்' என்ற போர்வையை அது விலக்கிவிடுகிறது.

இவற்றோடு வைத்துப் படிக்க வேண்டியது மலரவனின் 'போர் உலா'. 1990-இல் மாங்குளம் முகாமைத் தாக்கப் போன பயணத்தைச் சொல்வது. புலிகள் அந்த முகாமைக் கைப்பற்றினார்கள். மலரவன் 1992-இல், இருபது வயதை ஒட்டிய இளைஞராகக் களத்தில் இறந்தார். நூல் பின்னரே அச்சேறியது. பிறகு ஆங்கிலத்திலும் வந்தது. தோற்ற பக்கத்துப் போர்வீரர் எழுதியது என்று அதை இன்று நாம் வகைப்படுத்துகிறோம். அவருக்கோ தாம் தோற்ற பக்கம் என்பது தெரியாது. முடிவு தெரியாத அந்த எழுத்தில் வழியோரத்துக் குடிசைகளும் அங்கே வாழ்ந்த ஏழை மக்களும் தாராளமாக இடம்பெறுகிறார்கள். அவர் 'நாம்' என்று உண்மையாகவே நம்பி எழுதுகிறார். 2009-க்குப் பின் எழுதிய எவருக்கும் அந்த வெள்ளந்தித்தனம் கைகூடவில்லை, கூடவும் முடியாது.

இனி, மிகுதியாகப் பேசப்பட்டதும் மிகுதியாக ஏசப்பட்டதுமான நூலுக்கு வருவோம். தமிழினி என்ற பெயரில் அறியப்பட்ட சிவகாமி 1972-இல் பரந்தனில் பிறந்து, 1991-இல் இயக்கத்தில் சேர்ந்து, மகளிர் அரசியற்பிரிவுப் பொறுப்பாளர் ஆனவர். போர் முடிந்தபின் வெலிக்கடைச் சிறையில் இருந்தார். 'புனர்வாழ்வு' முடிந்து 2013-இல் வெளியே வந்தார். 2015 அக்டோபரில் புற்றுநோய் அவரைக் கொண்டுபோனது. 'ஒரு கூர்வாளின் நிழலில்' 2016-இல் காலச்சுவடு வெளியீடாக வந்தது, சிங்களத்திலும் வந்தது. இறந்தபின் வந்த நூல் ஆகையால், பிறர் கை பட்டிருக்கிறதோ என்ற ஐயம் உடனே எழுந்தது. அவ்வாறு ஐயுறுவது வாசகரின் உரிமை. ஆனால் ஒரு நூலை நம்புவதா வேண்டாமா என்பதற்கு நாம் வைத்திருக்கும் உரைகல் வேறு. எழுதியவருக்கு எந்தப் பக்கத்திலும் கைதட்டல் வாங்கித் தராத பத்திகள் அதில் உண்டா என்று பார்க்கிறோம். இறுதிக் கட்டத்தில் நடந்த கட்டாய ஆட்சேர்ப்பைப் பற்றித் தமிழினி எழுதியவை அத்தகையவை. வெளியிலிருந்து ஒருவர் எழுதினால் அது புலிகள்மீதான குற்றச்சாட்டு. அரசியற்பிரிவின் பொறுப்பாளர் எழுதினால், யார் பெயரைச் சொன்னாலும் சொல்லாவிட்டாலும், குற்றம் சாட்டும் விரலின் மறுமுனையில் அவரே நிற்கிறார். அதை அறிந்தே எழுதியிருக்கிறார்.

குறையும் உண்டு. இயக்கத்தின் அரசியல் முடிவுகளை அவர் மதிப்பிடும் இடங்களில், களத்தில் இருந்தபோது எண்ணியது எது, சிறையில் எண்ணியது எது என்று பிரித்தறிய முடியவில்லை. ஊக்காவைப்போல ஒரு நொடியைப் பிடித்து நிறுத்தி, அப்போது என் மனத்தில் உண்மையில் என்ன இருந்தது என்று கேட்டிருந்தால் நூல் வேறொரு உயரத்துக்குப் போயிருக்கும். ஆனால் ஊக்கா எழுதியது விடுதலையான பின் தன் நாட்டில், தன் மொழியில், யாருக்கும் கையொப்பமிட்டுக் கணக்குக் காட்ட வேண்டிய தேவையின்றி. தமிழினிக்கு அந்த அமைதி வாய்க்கவில்லை; காலமும் வாய்க்கவில்லை.

தோற்ற போர்வீரர் முதன்முதலில் தன் வாழ்க்கையை எழுதுவது வாசகருக்காக அன்று, ஓர் அதிகாரிக்காக. நாம் சொல்ல வந்தவற்றுள் தலையாயது இதுதான். பெயர் என்ன, எப்போது சேர்ந்தாய், சேர்த்தது யார், என்ன பயிற்சி, என்ன ஆயுதம், எத்தனை சண்டை. 2009-க்குப் பின் தடுப்பு முகாம்களுக்கும் புனர்வாழ்வு முகாம்களுக்கும் கொண்டுபோகப்பட்டவர்கள் அரசுக் கணக்குப்படியே 11,000-க்கு மேல். அவர்கள் ஒவ்வொருவரும் இந்தக் கேள்விகளுக்கு மீண்டும் மீண்டும் விடை சொல்லியிருப்பார்கள். முதல் முறை சொன்னதும் மூன்றாம் முறை சொன்னதும் பொருந்தாவிட்டால் என்ன ஆகும் என்பது அவர்களுக்குத் தெரியும். வெளிநாட்டுக்குத் தப்பியவர்களுக்கு அதே படிவம் அகதி விண்ணப்பம் என்ற பெயரில் காத்திருந்தது. அங்கே துன்பத்தைக் குறைத்துச் சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இயக்கத்தில் ஆற்றிய பங்கைக் கூட்டிச் சொன்னாலும் அனுப்பிவிடுவார்கள். ஆக, அந்த 'நான்' உயிர் பிழைப்பதற்காகத் தச்சுச் செய்யப்பட்ட ஒரு 'நான்'. ஷோபாசக்தி 2001-இல் தம் 'கொரில்லா' நாவலைப் பிரெஞ்சு அரசுக்கு எழுதும் அகதி விண்ணப்பத்தின் வடிவில் தொடங்கியது வெறும் உத்தி என்று சிலர் எழுதினார்கள். நமக்கு அது உத்தியாகத் தெரியவில்லை. முன்னாள் போராளி ஒருவருக்குத் தன்வரலாறு என்ற வடிவம் முதலில் அந்தக் காகிதத்தில்தான் அறிமுகமாகிறது.

தடுப்பு முகாமின் நாள்களை எழுதிய வெற்றிச்செல்வியின் 'ஆறிப்போன காயங்களின் வலி'யையும், குணா கவியழகனின் 'விடமேறிய கனவு' நாவலையும் இந்த எண்ணத்தோடு படித்தால், அவர்கள் எதை எதிர்த்து எழுதுகிறார்கள் என்பது விளங்கும். விசாரணைப் படிவத்தில் இடமில்லாதவற்றைத்தான் அவர்கள் எழுதுகிறார்கள். குளிக்க நீர் இல்லாமை, பக்கத்தில் படுத்திருப்பவர் காட்டிக்கொடுப்பவரோ என்ற அச்சம், முகாமில் ஒருவர்மீது ஒருவருக்கு வரும் எரிச்சல், இடையே திடீரென்று ஒரு சிரிப்பு. எந்த அதிகாரியும் இவற்றைக் கேட்கமாட்டார். எனவே இவை பொய்யாக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. இப்போது தமிழ்நாட்டு வாசகராகிய நாம் வந்து அந்த அதிகாரியின் காலி நாற்காலியில் அமர்ந்துகொண்டு, எப்போது சேர்ந்தாய், எப்படித் தப்பினாய், ஏன் சாகவில்லை என்று முதலிலிருந்து தொடங்குகிறோம்.

ஏன் சாகவில்லை என்ற கேள்வியை நேரடியாக யாரும் கேட்பதில்லைதான். ஆனால் பல மதிப்புரைகளின் அடியில் அது கிடக்கிறது. வடக்கிருந்து உயிர்விட்ட சேரலாதனையும், நீர் குடிக்காமல் துஞ்சிய இரும்பொறையையும் மேடைதோறும் போற்றிய நமக்கு, தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டு உயிரோடு எழுந்து வந்து, நடந்தது இது என்று சொல்பவரை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. இரும்பொறை அந்த நீரைக் குடித்திருந்தால் ஏழடிக்குப் பதிலாக ஒரு நூலே நமக்குக் கிடைத்திருக்கலாம். அதைத் தொகுப்பாளர்கள் சேர்த்திருப்பார்களா என்பது ஐயமே. செத்தவரின் சொல்லுக்கு நாம் தரும் மதிப்பைப் பிழைத்தவரின் சொல்லுக்குத் தருவதில்லை. போரில் ஒரு நாளும் பசித்திராத ஒரு சமூகம் இப்படி நடந்துகொள்வதைக் கண்டால் எரிச்சலாக இருக்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை.

இதனால் இந்நூல்களை விமர்சிக்கவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. முன்னாள் போராளி எழுதியது என்பதற்காகவே ஒரு நூலைத் தலையில் தூக்கிவைப்பதும் அவமதிப்புத்தான். தன்னிரக்கம் மிக்க நூல்கள் உண்டு. எதிராளியின் பக்கம் செத்தவர்களுக்கு முகமே தராத நூல்கள் உண்டு. 1990-இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களைப் பற்றிய ஒரு பத்திகூட இல்லாமல் தம் இடப்பெயர்வை மட்டும் நூறு பக்கம் எழுதுபவரை, ஏன் என்று கேட்டே ஆகவேண்டும். அந்தக் கேள்வி நூலுக்குள்ளிருந்து எழுவது. எழுதியவருக்குப் பணம் கொடுத்தது யார் என்ற கேள்வி அப்படிப்பட்டதன்று.

நம் ஊரிலிருந்து அரை மணி நேரப் பேருந்துப் பயணத்தில் செங்கல்பட்டு. 1990-க்குப் பின் அங்கிருந்த கிளைச்சிறையில் ஈழத்தவரை அடைத்துவைக்கும் 'சிறப்பு முகாம்' பல ஆண்டுகள் நடந்தது. பெயர் முகாம், இடம் சிறை. நீதிமன்றம் பிணையில் விட்டவர்களும் அங்கே அடைக்கப்பட்டார்கள். அதன் சுவரை ஒட்டியே நாம் எத்தனையோ முறை போயிருக்கிறோம். உள்ளே இருந்தவர்களில் எழுதியோர் மிகச் சிலர். மற்றவர்கள் இப்போது அறுபதைத் தாண்டியிருப்பார்கள். எந்தெந்த ஊர்களிலோ, எந்தெந்த நாடுகளிலோ இருப்பார்கள். ஜான்சிராணிப் படையின் தோட்டத்துப் பெண்களிடம் கேட்காமல் விட்டதுபோல இவர்களிடமும் கேட்காமல் விடுவதற்கு இன்னும் பத்து, பதினைந்து ஆண்டுகள் போதும்.

அடுத்த பருவத்தில் புறநானூற்று வகுப்பில் 74-ஆம் பாட்டை முடித்த கையோடு, 'போர் உலா'விலிருந்தும் 'ஒரு கூர்வாளின் நிழலில்' நூலிலிருந்தும் சில பக்கங்களை மாணவர்களை வாசிக்கச் செய்ய எண்ணியிருக்கிறோம். பாடத்திட்டத்தில் அவை இல்லை. தேர்விலும் வினா வராது. இவர் யார் பக்கம் என்று எவரேனும் எழுந்து கேட்டால், அந்தக் கேள்வியைக் குறித்துவைத்துக்கொண்டு கடைசிப் பக்கத்தைப் படித்தபின் கேட்கச் சொல்வோம்.